மூணாவது நாற்காலிக்காரன்

எங்க சலூன்ல மூணு நாற்காலி. கதவைத் திறந்ததும் முதல்ல இருக்கிறது அத்தானோடது. கடையும் அவரோடதுதான். ரெண்டாவது என்னோடது. ஜன்னலோரம் இருக்கிற மூணாவது எங்க அக்கா மகனோடது. அவன் பட்டாளத்துல சேர்ந்து சண்டைக்குப் போய்ச் செத்துப் போனான். அதுக்கப்புறம் ஊர்ல மேடை போட்டாங்க, மைக் வச்சாங்க, அவனைச் சிங்கம்னாங்க, புலின்னாங்க. கேட்டுக்கிட்டு நின்ன எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. சிங்கமா அவன்? செவுத்துல ஒரு பல்லி ஓடினா நாற்காலி மேல ஏறி நிப்பான். தூக்கி வளர்த்த மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இங்க இருக்கேன், அவன் எப்படிப்பட்ட பிள்ளைன்னு என்கிட்ட ஒருத்தர் கேட்கலை. சரி, யாரும் கேட்க வேணாம். நானே சொல்லிடறேன்.

சலூன்காரன் வாய் சும்மா இருக்காதும்பாங்க. எங்க கடையில அது பாதிதான் நிஜம். அத்தான் வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துரும்னு நினைக்கிற ஆளு. "குனிங்க", "நிமிருங்க", இந்த ரெண்டை வச்சே ஒரு நாளை ஓட்டிடுவாரு. அவருக்கும் சேர்த்து நான் பேசுவேன். மருமகன் வேற மாதிரி. அவன் பேசுறதை விட, உட்கார்ந்திருக்கிறவங்களைப் பேச வைப்பான். வெள்ளைத் துணியைக் கழுத்துல சுத்திவிட்டு, ரெண்டு கையையும் அவங்க தலையில வச்சு, "சொல்லுங்க, எங்க வலிக்குது?"ன்னு கேட்பான். வந்தவன் சிரிச்சுக்கிட்டே வீட்டுக் கதையெல்லாம் கொட்டிருவான். அதனால தெருவுல அவனுக்கு டாக்டர்னு பேரு. எங்க வீட்டுல ஒரு டாக்டர் உருவானது இப்படித்தான்.

வேலையில அவன் ஆமை. நான் மூணு தலை முடிக்கிற நேரத்துல அவன் ஒண்ணை முடிப்பான். எங்கிட்ட இருந்த முடி வெட்டுற மிஷினை அவன் தொடவே மாட்டான். அது கொர்ருனு கத்தினா உட்கார்ந்திருக்கிறவங்க பேசுறது கேட்காதாம். கிருதாவுல தொடங்கிப் பிடரி வரைக்கும் கத்திரியாலேயே, விரலிடுக்குல முடியைப் பிடிச்சுப் பிடிச்சு வெட்டுவான். பெஞ்சுல ஆளுங்க நெளிவாங்க. "டேய் மருமகனே, நீ முடிக்கறதுக்குள்ள வெட்டின பக்கம் திரும்ப முளைச்சுரும்டா"ன்னு நான் கத்துவேன். "முளைச்சா உங்களுக்குத்தான் மாமா லாபம், இன்னொரு தடவை வெட்டலாம்"பான். அப்புறம் அந்த ஆள் கண்ணாடியில திரும்பித் திரும்பிப் பார்த்துட்டுப் போறதைப் பார்த்தா எனக்கே பொறாமையா இருக்கும்.

பின்தெருவுல ஒரு லாரி டிரைவர் இருந்தாரு. பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. கை காலு போனாலும் வாய் மட்டும் போகலை. வீட்டுக்கு வர்றவங்க எல்லாருக்கும் வசவு. சவரம் பண்ணப் போன என்னை எங்க பரம்பரையையே இழுத்து வச்சு ஏசினாரு. சோப்பைக் கழுவிவிட்டுட்டு வந்தவன்தான், அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கலை. மருமகன் நான் போறேன்னு கிளம்பினான். அவர் ஒண்ணு திட்டினா இவன் ரெண்டு திட்டுவானாம், அதுவும் பழைய லாரி டிரைவர்களே வெட்கப்படுற மாதிரி. இந்தக் கன்னத்துக்கு ஒரு ரவுண்டு, அந்தக் கன்னத்துக்கு ஒரு ரவுண்டு. அவரோட பொண்டாட்டி கடைக்கு வந்து அத்தான்கிட்ட சொல்லிச்சு: "வாரத்துல ஒரு நாள் அந்த மனுஷன் சிரிக்கிற சத்தம் கேட்குதுங்க. உங்க பிள்ளை நல்லா இருக்கணும்." அத்தான் தலையை மட்டும் ஆட்டினாரு. ஆனா அன்னைக்குப் பூரா அவர் மூஞ்சியில ஒரு வெளிச்சம் இருந்துச்சு. நான் பார்த்தேன்.

அப்புறம் சண்டை வந்துச்சு. பட்டாளத்துக்கு ஆள் எடுத்தாங்க. எங்க தெருவுலயும் அடுத்த தெருவுலயும் எத்தனையோ பிள்ளைங்க பேர் கொடுத்தாங்க. போறதுக்கு முன்னாடி முடியைக் குறைச்சுக்கிட்டு வரணும்னு உத்தரவு. எல்லாரும் எங்க கடைக்குத்தான் வந்தாங்க. அத்தான் அவங்க யார்கிட்டயும் கூலி வாங்கலை. மருமகன் நாற்காலியில முனைக்கடைக்காரரோட பிள்ளை உட்கார்ந்தான். பத்தொன்பது இருபது வயசு இருக்கும். வாசல்ல வாய் கிழியப் பேசிட்டு வந்தவன், துணியைச் சுத்தினதும் நடுங்க ஆரம்பிச்சுட்டான். துணி மேல கண்ணீர் சொட்டுது. பெஞ்சுல இருந்தவங்க பார்த்துரக் கூடாதுன்னு மருமகன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினான். அந்தப் பிள்ளையோட நெத்தியைத் தன் வயித்துல சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டு, பின்தலையை வெட்டுற மாதிரி சும்மா கத்திரியை மட்டும் ஆட்டிக்கிட்டே நின்னான். அவன் அழுது முடிக்கிற வரைக்கும் அப்படியே நின்னான். எனக்குத் தெரிஞ்சு, முடியே வெட்டாத கத்திரி அவ்வளவு நேரம் சத்தம் போட்டது அன்னைக்குத்தான்.

அன்னைக்குச் சாயங்காலம் கடையைக் கூட்டிக்கிட்டே சொன்னான்: "மாமா, நானும் பேர் கொடுத்துட்டேன்."

"எதுக்குடா? உன்னை யாரு கூப்பிட்டா?"

"அவன் தலையை வெட்டி அனுப்பி வச்சவன் நான். அவன் அவ்வளவு பயத்தோட போறான். நான் இங்க பவுடர் போட்டுக்கிட்டு நிக்கிறதா?"

நான் அவனை ஏசினேன். அக்கா ஏசின ஏச்சுக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்லை. பாத்திரம் பறந்துச்சு. ஒத்தைப் பிள்ளை, அதுவும் தவமா தவமிருந்து பெத்த பிள்ளை. ரெண்டு நாள் அவ அடுப்பே பத்த வைக்கலை. மூணாவது நாள் அவளே எழுந்து அவன் துணிமணியை மடிச்சுப் பையில வச்சா. "போகாதேன்னா நீ கேட்க மாட்டே. உங்கப்பன் பிடிவாதம்"னு மட்டும் சொன்னா. பஸ் கிளம்புறப்போ அத்தான் ஜன்னல் கிட்டப் போய் நின்னாரு. ஏதோ பெருசா சொல்லப் போறாருன்னு எல்லாரும் பார்த்தோம். "தலையைக் குனிஞ்சே இரு"ன்னாரு. அவ்வளவுதான். பஸ்ல இருந்த பிள்ளைங்க எல்லாம் சிரிச்சிருச்சுங்க, மருமகனும் சிரிச்சான். அதுதான் நாங்க அவனைக் கடைசியா பார்த்தது.

முகாமுக்குப் போயும் அவன் கத்திரியைக் கீழே வைக்கலை. போன் பேசுறப்போ சொல்லுவான், அங்க அவனுக்குச் சலூன்னு பேராம். அதிகாரி முதல் சமையல்காரர் வரைக்கும் அவன்கிட்டதான் தலையைக் கொடுக்கிறாங்களாம். "இங்கேயும் மெதுவாத்தான் வெட்டுறேன் மாமா, ஆனா திட்டுறதுக்கு நீங்க இல்லை"ன்னான். போனை அக்காகிட்டக் கொடுத்துட்டேன்.

ஒரு நாள் போன் வரலை. அடுத்த வாரமும் வரலை. அப்புறம் ஒரு வண்டி வந்துச்சு, பெட்டி வந்துச்சு. ஆணி அடிச்சு, முத்திரை வச்ச பெட்டி. திறக்கக் கூடாதுன்னுட்டாங்க. திறந்தா பார்க்கிற நிலைமையில இல்லைன்னு அத்தான் காதுல மட்டும் சொன்னாங்க. அக்கா பெட்டியைச் சுத்திச் சுத்தி வந்தா. கையை வச்சுப் பார்த்தா. தட்டிக்கூடப் பார்த்தா. அப்புறம் நிமிர்ந்து, ரொம்ப நிதானமா, "இது என் பிள்ளை இல்லை"ன்னா.

அன்னைக்குப் பிடிச்ச பிடி. நாங்க அடக்கம் பண்ணிட்டு வந்தோம், அவ வரலை. துக்கம் கேட்க வந்தவங்ககிட்ட, "யார் பெத்த பிள்ளையோ பாவம், பேரை மாத்தி இங்க அனுப்பிட்டாங்க. என் பிள்ளை எங்கேயாவது மாட்டிக்கிட்டு இருப்பான், வந்துருவான்"னு சொல்லித் தண்ணி கொடுத்து அனுப்பினா. வந்தவங்களுக்கு அழுறதா, தலையாட்டுறதான்னு தெரியலை. சாயங்காலமானா பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருவா. ஒவ்வொரு பஸ்ஸா பார்த்துட்டு இருட்டினதும் வருவா. பெத்த மனம் பித்துன்னு சும்மாவா சொன்னாங்க? ஊர் வாயை மூட முடியுமா, "அந்தம்மாவுக்குக் கழண்டு போச்சு"ன்னு பேசினாங்க. பேசினவங்க ரெண்டு பேருக்கு நான் இனிமே முடி வெட்ட மாட்டேன்னு வாசல்லயே சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன்.

அவளைவிட எனக்கு அத்தானை நினைச்சாத்தான் கவலை. அவளுக்காவது ஒரு நம்பிக்கை இருந்துச்சு. அவருக்கு அதுவும் இல்லை, அழவும் வழியில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் வந்தாலும் அக்கா பாய்வா: "உயிரோட இருக்கிற பிள்ளைக்கு அழுது தொலைக்கிறீங்களே, விளங்குமா?" அதனால அவர் முகத்தைக் கல்லாட்டம் வச்சுக்கிட்டாரு. வீட்டுல அவன் பேரையே எடுக்கிறதில்லை. பெத்த பிள்ளையைப் பறிகொடுத்த ரெண்டு பேர் ஒரே வீட்டுக்குள்ள, ஒருத்தரை ஒருத்தர் பார்க்காம நடமாடினாங்க. இப்படியே போனா அவளுக்குப் புத்தி போகும், இவருக்கு உசிரு போகும். நான் பயந்து பயந்து செத்தேன். எத்தனையோ தடவை அக்காகிட்டப் பேச உட்கார்ந்தேன். ஊருக்கெல்லாம் பேசுற இந்த வாய்க்கு அவ முன்னாடி ஒரு வார்த்தை வரலை.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் மத்தியானம், நல்ல வெயில். கம்பளித் தொப்பி போட்டுக்கிட்டு, முன்னப்பின்ன பார்க்காத ஒரு பையன் கடைக்குள்ள வந்தான். இடது கை கழுத்துல கட்டின துணியில தொங்குது. நேரா மூணாவது நாற்காலிகிட்டப் போனான். அதுல நாங்க யாரையும் உட்கார விடுறதில்லை. "அது வேணாம் தம்பி, இங்க வா"ன்னு என் நாற்காலியில உட்கார வச்சேன். தொப்பியைக் கழட்டினான்.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. தலையில ஒரு பக்கம் ஒழுங்கா வெட்டி வளர்ந்த முடி, மறுபக்கம் காடு. நட்ட நடுவுல வரப்பு மாதிரி ஒரு கோடு. "ஏன் தம்பி, எந்தக் கடையில போய் மாட்டிக்கிட்டே? ஆடு பாதி மேய்ஞ்சதும் யாரோ விரட்டி விட்ட மாதிரி இருக்கே. வெட்டினவன் பாதியில கடையைச் சாத்திட்டுச் சாப்பிடப் போயிட்டானா?"

அவன் கண்ணாடியில என்னையே பார்த்தான். அதுக்குள்ள என் பின்னாடி அத்தான் வந்து நின்னாரு. தன் வாடிக்கையாளரை அப்படியே சோப்போட விட்டுட்டு வந்திருக்காரு. அவர் அப்படிச் செஞ்சு நான் பார்த்ததே இல்லை. வெட்டியிருந்த பக்கத்துல, காதுக்குப் பின்னாடி விரலை வச்சு மெதுவா மேலே கொண்டு போனாரு. மிஷின் படாத முடி. முழுக்கக் கத்திரி வேலை. நான் பார்த்திருக்கணும். வாயைத் திறந்தவன் கண்ணைத் திறக்கலை.

"எங்க பிள்ளை வெட்டினதுதானே?"ன்னாரு அத்தான்.

"ஆமாப்பா"ன்னான் அவன். அப்புறம்தான் அழுதான்.

அழுது முடிச்சுச் சொன்னான். முகாம்ல மரத்தடியில வச்சு மருமகன் அவனுக்கு முடி வெட்டிக்கிட்டு இருந்திருக்கான். ஒரு பக்கம் முடிச்சு மறுபக்கம் திரும்பறப்போ குண்டு விழ ஆரம்பிச்சிருக்கு. மருமகன் இவனைத் துணியோட சேர்த்துத் தூக்கிப் பதுங்கு குழிக்குள்ள தள்ளியிருக்கான். தானும் குதிச்சிருக்கலாம். ஆனா அடுத்த ஆளா தன் முறைக்காகக் காத்துக்கிட்டு இருந்தவருக்குக் கால்ல கட்டு, அவரால எழுந்திரிக்க முடியலை. மருமகன் திரும்பி ஓடி அவரைத் தோள்ல தூக்கிக்கிட்டு வந்து குழிக்குள்ள இறக்கிவிட்டான். அவன் இறங்கறதுக்குள்ள அடுத்த குண்டு விழுந்துருச்சு. கால்ல கட்டுப் போட்டவர் இன்னைக்கு உயிரோட இருக்காரு. இந்தப் பையன் கையில காயத்தோட ஆஸ்பத்திரியில கிடந்தான். தலையைச் சரி பண்றோம்னு அங்க எத்தனையோ பேர் கேட்டாங்களாம். யாரையும் தொட விடலை. "அவன் ஆரம்பிச்சதை அவங்கப்பாதான் முடிக்கணும்னு வச்சிருந்தேன்பா. கையைக் காலைப் பிடிச்சு லீவு வாங்கிட்டு வந்தேன்"னான்.

பல்லிக்குப் பயந்த பிள்ளை. அவன்தான் குண்டு விழுற இடத்துக்குத் திரும்பி ஓடியிருக்கான். மேடையில பேசினவங்க சொன்ன சிங்கம் புலியை விட இது எவ்வளவோ பெருசு. என் மருமகன்டா அவன்னு தெருவுல நின்னு கத்தணும் போல இருந்துச்சு. கத்தலை. கடைக்கு வந்திருந்தவங்களைக் கண்ணைக் காட்டி வெளியே அனுப்பினேன். சோப்போட இருந்தவரும் துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டுச் சத்தமில்லாம எழுந்து போனாரு.

"உங்க அக்காவைக் கூட்டிட்டு வா"ன்னாரு அத்தான்.

"வேணாம் அத்தான். அவ தாங்க மாட்டா."

"கூட்டிட்டு வாடா."

அவர் என்னை அதுவரைக்கும் டா போட்டதில்லை. வீடு கடைக்குப் பின்னாடிதான். மருமகனோட முகாம்ல இருந்த பையன் வந்திருக்கான்னு மட்டும் சொன்னேன். அக்கா ஈரக்கையைத் துடைச்சுக்கிட்டே வந்தா. பட்டாளத்துப் பையனைப் பார்த்ததும் அவ மூஞ்சி அப்படியே மலர்ந்துச்சு. எனக்கு அதைப் பார்க்க முடியலை. "வந்துட்டியாப்பா? அவன் எங்க இருக்கான்? எந்த ஆஸ்பத்திரி?"ன்னா.

அத்தான் அந்தப் பையனோட நாற்காலியை மெதுவா திருப்பினாரு. அந்தப் பின்தலை அவ கண்ணுக்கு நேரா நின்னுச்சு.

அக்கா கிட்டப் போய் வெட்டின பக்கத்தைத் தொட்டா. சலூன்காரன் பொண்டாட்டி, சலூன்காரனுக்கு அம்மா. பிள்ளையோட கைவேலை தெரியாதா அவளுக்கு? லேசா சிரிச்சா. அப்புறம் மறுபக்கம் கையைக் கொண்டு போனா. அந்தக் காட்டுக்குள்ள விரல் நின்னு போச்சு.

"இந்தப் பக்கம் ஏன் வெட்டலை?"

"வெட்டிக்கிட்டு இருக்கும்போதுதாம்மா…"

"அப்புறம் வந்து முடிக்கலையா?"

அவன் இல்லைன்னு தலையாட்டினான்.

எங்க கடையில ஒரு பழக்கம் உண்டு. தொட்ட தலையைப் பாதியில விடுறதில்லை. கரண்டு போனா மெழுகுவத்தி, மழை ஒழுகினா குடை. அக்காவுக்குப் பிரசவ வலி வந்து ஆள் ஓடி வந்தப்போகூட, அத்தான் கையில இருந்த கிராப்பை முடிச்சுட்டுத்தான் ஓடினாரு. அதுக்கு அவ இன்னைக்கு வரைக்கும் அவரைச் சும்மா விட்டதில்லை. அந்தப் பழக்கத்துல அப்பனையும் மிஞ்சினவன் அவ பிள்ளை. அவளுக்கு அது தெரியும்.

"விட மாட்டானே"ன்னா. யார்கிட்டயும் சொல்லலை, அந்தத் தலையைப் பார்த்தே சொன்னா. "கை ஒடிஞ்சாலும் இன்னொரு கையால முடிச்சிருப்பான். தவழ்ந்தாவது வந்திருப்பான். உசிரு இருந்தா பாதியில விட மாட்டான் என் பிள்ளை."

கை அந்தத் தலையிலேயே இருந்துச்சு. முகத்துல ஒவ்வொண்ணா எல்லாம் அணைஞ்சு போறதை நான் பார்த்தேன். பிடிக்கலாம்னு பக்கத்துல போனேன். வேணாம்னு கையைக் காட்டிட்டு, தானே போய்ப் பெஞ்சுல உட்கார்ந்தா. கண்ணுல தண்ணியாக் கொட்டுது. அந்தப் பையன் எழுந்து அவ காலடியில போய் உட்கார்ந்துட்டான். "என்னாலதாம்மா"ன்னான்.

"உன்னால இல்லை. அவன் அப்படித்தான். பெத்தவளுக்குத் தெரியாதா?"ன்னு அவன் கன்னத்தைத் துடைச்சா. "போய் உட்காருப்பா. உங்கப்பா முடிச்சு விடட்டும். இப்படியே தெருவுல போகாதே."

அத்தான் கத்திரியை எடுத்தாரு. மிஷினைத் தொடலை. மகன் வெட்டின பக்கத்துல ஒரு முடியைக்கூடத் தொடலை. மறுபக்கத்தை மட்டும், விரலிடுக்குல பிடிச்சுப் பிடிச்சு, அதோட அளவுக்குக் கொண்டு வந்தாரு. அவர் இவ்வளவு மெதுவா வெட்டி நான் பார்த்ததில்லை. பெஞ்சுலேர்ந்து அக்கா கேட்டுக்கிட்டே இருந்தா: அன்னைக்கு அவன் சாப்பிட்டானா, வெட்டுறப்போ என்ன பேசிக்கிட்டு இருந்தான், சிரிச்சானா. பையன் ஒவ்வொண்ணுக்கும் பதில் சொன்னான். "வெறும் வயிறு இல்லைம்மா, சாப்பிட்டுட்டுத்தான் வந்தான். எங்க வலிக்குதுன்னு கேட்டான். எனக்கு வீட்டு ஞாபகம்னு சொன்னேன். அப்போ வீட்டுல யார் யார் இருக்காங்க, ஒவ்வொருத்தரா சொல்லுன்னான். நான் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

கடைசி முடி விழுந்துச்சு. அத்தான் துணியை உதறினாரு, கழுத்தைத் துடைச்சு விட்டாரு, கத்திரியைச் செல்ஃப்ல வச்சாரு. வச்ச கையை எடுக்கலை. தோள் குலுங்குது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு, இத்தனை நாள் பழக்கம். அக்கா எழுந்து போய் அவரைத் தன் பக்கம் திருப்பினா. அவர் தலையைப் பிடிச்சு இழுத்துத் தோள்ல சாய்ச்சுக்கிட்டா.

"அழுங்க"ன்னா. "செத்தது நம்ம பிள்ளைதாங்க. நாம அழாம வேற யார் அழுவா?"